யாழ்ப்பாணத்தில் கலியாணப் படப்பிடிப்பு: சிறு தொழிலாக நடத்துவது எப்படி

தாலி கட்டுகிற கணத்தில் மெமரி காட் நிறைந்துவிட்டால், "ஐயா, இன்னொருக்கா கட்டச் சொல்லுங்கோ" என்று குருக்களிடம் கேட்க முடியாது. மற்றப் படப்பிடிப்புகளிலிருந்து கலியாணப் படப்பிடிப்பு வேறுபடுவது இந்த இடத்தில்தான். வடிவாக எடுப்பது பிறகு, தவறாமல் எடுப்பது முதல். கருவி வாங்குவது, ஆள் பிடிப்பது, விலை சொல்வது, ஒப்பந்தம் எழுதுவது எல்லாவற்றையும் இந்தக் கண்ணால் பார்த்தால், எதில் காசைப் போட வேண்டும், எதில் போடத் தேவையில்லை என்பது விளங்கிவிடும்.

முதலில் பஞ்சாங்கம், பிறகு கமெரா

ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் சைவக் கலியாணம் பெரும்பாலும் இல்லை. மிச்ச மாதங்களிலும் நல்ல நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அந்த நாட்களில் ஊர் முழுக்கக் கெட்டிமேளம் கேட்கும், அடுத்த நாள் ஒருவருக்கும் வேலை இருக்காது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை யூலை, ஓகஸ்டில் வருவதால், ஓகஸ்ட் 17 அளவில் ஆவணி பிறந்ததும் இரண்டு மூன்று கிழமைக்குள் பல கலியாணங்கள் நெருக்குப்படும். தை பிறந்த பிறகு இன்னொரு நெருக்கம். இங்கே சில குடும்பங்கள் வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கும், சில குடும்பங்கள் திருக்கணிதம் பார்க்கும். வருடத் தொடக்கத்திலேயே இரண்டையும் வாங்கி, முகூர்த்த நாட்களைச் சுவர்க் கலண்டரில் குறித்துவிடுங்கள். யாராவது தொலைபேசியில் தேதி கேட்கும்போது அது கிராக்கியான நாளா, சும்மா கிடக்கும் நாளா என்று தெரிந்து விலை சொல்லலாம்.

ஒரே நாளில் காலையில் ஒரு முகூர்த்தம், மாலையில் இன்னொரு வீட்டு வரவேற்பு என்று இரண்டை ஒப்புக்கொள்ள மனம் இழுக்கும். காலைக் கலியாணம் மானிப்பாயிலும் மாலை வரவேற்பு பருத்தித்துறையிலும் என்றால் வேண்டாம். முகூர்த்தம் பிந்தாது. பிந்துவது அதற்குப் பிறகு வரும் ஆசீர்வாதமும் குடும்பப் படங்களும்தான்.

இனி விலை. ஊரில் மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து அதில் ஐயாயிரம் குறைத்துச் சொல்வதுதான் புதிதாக வருகிறவர்களின் வழக்கம். இரண்டு வருடத்தில் கமெரா தேய்ந்து, புதியது வாங்கக் காசில்லாமல் தொழிலை விட்டுப் போகிறவர்களும் அவர்கள்தான். கணக்கை இப்படிப் போடுங்கள். உதாரணத்துக்கு இரண்டு கமெரா, மூன்று லென்ஸ், பிளாஷ்கள், ஸ்டாண்டுகள் எல்லாமாக 12 இலட்சம் ரூபா என்று வைப்போம். அவை நான்கு வருடம் உழைக்கும், வருடத்தில் 40 நிகழ்வு கிடைக்கும் என்றால், மொத்தம் 160 நிகழ்வு. ஒரு நிகழ்வுக்குக் கருவித் தேய்மானம் மட்டும் 7,500 ரூபா. அதற்கு மேல் இரண்டாவது படப்பிடிப்பாளரின் கூலி, உதவிப் பெடியனின் கூலி, வாகனம், அல்பம் அச்சு, ஹார்ட் டிஸ்க், இணையம் எல்லாம் வரும். கடைசியில் உங்கள் நாட்கூலி. படமும் வீடியோவும் சேர்ந்த ஒரு கலியாணத்துக்குப் படம் பிடிக்கும் ஒரு நாளோடு, கணினி முன் நாலைந்து நாள் போகும். 40 கலியாணத்துக்கு 200 நாளுக்கு மேல். கேட்கும் காசை ஒரு நாளால் வகுக்காமல் ஆறு நாளால் வகுத்துப் பாருங்கள்.

விலைப்பட்டியலில் "இந்த விலை 30 நாட்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி போடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. அல்பக் கடதாசி, மை, கமெரா எல்லாம் இறக்குமதிப் பொருள். எட்டு மாதத்துக்கு முன் சொன்ன விலையில் அல்பம் அடித்துக் கொடுத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

எல்லாம் இரண்டு

விலை கூடிய ஒரு கமெராவை விட நடுத்தரமான இரண்டு கமெரா மேல். இதில் பேரமே இல்லை. இரண்டும் ஒரே பற்றரி, ஒரே லென்ஸ் மவுண்ட் உள்ளவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு காட் போடும் வசதி இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைத்திருக்க வேண்டும். ஒரு காட் நிறைந்த பிறகு மற்றது என்று அமைத்தால் காட் பழுதாகும் நாளில் பாதிக் கலியாணம் போய்விடும்.

லென்ஸில் 24-70 மில்லிமீற்றர் எப்/2.8 ஒன்றும் 70-200 எப்/2.8 ஒன்றும் முக்கால்வாசி வேலையைப் பார்க்கும் (எப் எண் சிறியதென்றால் லென்ஸ் கூடிய வெளிச்சத்தை உள்ளே விடும்). மணமகள் அறை போன்ற ஒடுங்கிய இடத்துக்கு 35 எப்/1.8 ஒன்று. பிளாஷ் மூன்று: கமெராவில் ஒன்று, ஸ்டாண்டில் இரண்டு. ஏஏ பற்றரி போடும் பிளாஷ் என்றால் ஒருக்காப் பாவித்துத் தூக்கி எறியும் பற்றரி வேண்டாம். திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் பற்றரிகள் விரைவாக மறுபடி தயாராகும். நான்கு நான்காகச் சோடி சேர்த்து, எண் எழுதி வையுங்கள். ஒரு கட்டில் ஒன்று பழுதானால் அந்தக் கட்டு முழுக்கப் பலவீனமாகும்.

பழைய வீடுகளில் வட்ட முனைப் பிளக் பொருத்தும் துவாரங்கள்தான் இருக்கும், புதிய மண்டபங்களில் சதுர முனை 13 அம்பியர். இரண்டுக்குமான மாற்றியும், நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றும் பையில் நிரந்தரமாகக் கிடக்கட்டும். வயரைத் தரையில் ஒட்ட அகலமான டேப்பும் வேண்டும். சேலை கட்டியவர்கள் தடுக்கி விழுந்தால் கலியாணம் அதோடு சரி.

கடற்காற்றும் ஈரப்பதமும் லென்ஸுக்குள் பூஞ்சணம் வளர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் லென்ஸ்களைத் துணிப்பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் பெரிய பிழை. உலர்பெட்டி வாங்க முடியாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி. 40 முதல் 50 வீதத்துக்குள் நின்றால் போதும். ஏசி போட்ட வாகனத்திலிருந்தோ அறையிலிருந்தோ வெயில் பந்தலுக்கு வரும்போது கமெராவைப் பையை விட்டு உடனே வெளியில் எடுக்காதீர்கள். கண்ணாடியில் பனி படிந்து, தெளிய அரை மணித்தியாலம் பிடிக்கும். அந்த அரை மணித்தியாலத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கிவிடுவார்.

இரண்டு பேர் எடுக்கிறீர்கள் என்றால் முதல் நாள் இரவே இரண்டு கமெராவின் கடிகாரத்தையும் வினாடி சுத்தமாக ஒன்றாக்குங்கள். மறந்தால் 3,000 படங்களைக் கையால் வரிசைப்படுத்த வேண்டி வரும்.

சடங்கின் வரிசை

வரிசை குருக்களுக்குக் குருக்கள் சற்று மாறும். ஆகவே முதல் நாள் ஒரு அழைப்பு எடுத்து, "ஐயா, எந்த எந்தக் கட்டத்தில் நான் எங்கே நிற்கலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே அடுத்த நாள் மணவறையில் உங்களுக்கு இடம் கிடைக்கும்.

கலியாணத்துக்குச் சில நாள் முன்னர் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல், அன்றே கன்னிக்கால் ஊன்றல், பலகாரச் சூடு. பொன்னுருக்கலில் நாணயம் உருகிச் சிவக்கும் நேரம் மிகக் குறுகியது. பிளாஷ் அடித்தால் அந்தச் சிவப்பு செத்துவிடும். பிளாஷை அணைத்து, தணலுக்கு ஏற்ற வெளிச்ச அளவை முன்கூட்டியே கையால் அமைத்துக் காத்திருங்கள். உருகிய பொன்னைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லோருக்கும் காட்டுவார்கள். அந்த முகங்களையும் விடாதீர்கள், அல்பத்தில் வயசானவர்கள் தேடுவது அதைத்தான்.

கலியாண நாளில் இரண்டு வீட்டிலும் பால் அறுகு வைத்துத் தோய வார்ப்பார்கள். அதனால்தான் ஒருவர் மட்டும் போதாது. ஒருவர் மாப்பிள்ளை வீட்டில், ஒருவர் பெண் வீட்டில். பெண் வீட்டுக்குப் போவது ஒரு பெண் படப்பிடிப்பாளராக இருந்தால் அலங்கார அறைக் கதவு தாராளமாகத் திறக்கும். பல குடும்பங்கள் இப்போது அதைக் கேட்டே பதிகின்றன. தலைப்பாகை கட்டுவது, தோழன், வாகனம் புறப்படுவது, மண்டப வாசலில் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் கால் கழுவி மோதிரம் பெறுவது, இரண்டு சுமங்கலிகள் ஆராத்தி எடுப்பது: இவ்வளவும் வாசலில் பத்து நிமிடத்துக்குள் முடியும். வாசலில் பின்னுக்கு வெயிலும் முன்னுக்கு நிழலுமாக இருக்கும். முகத்துக்கு பிளாஷ் கொஞ்சம் கொடுக்காவிட்டால் எல்லோரும் கரிக்கட்டிகள்.

மணவறையில் மாப்பிள்ளை அமர்ந்து பூர்வாங்கக் கிரியைகள், பவித்திரம், காப்பு. பிறகு பெண்ணை அழைத்து வருவார்கள். தாலி கட்டும் வரை பெண் மாப்பிள்ளையின் வலப்பக்கம், கட்டிய பிறகு இடப்பக்கம். நீங்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. மணமக்கள் வழமையாகக் கிழக்குப் பார்த்து இருப்பார்கள். வீட்டுப் பந்தலில் காலை முகூர்த்தம் என்றால் வெயில் நேரே கண்ணில் விழும், இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார்கள். பந்தல்காரரிடம் முதல் நாளே சொல்லி, கிழக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்று தொங்கவிட்டால் வெயில் மெல்லிய ஒளியாகிவிடும். சிவப்புத் துணியோ நீலத் துணியோ போட்டால் முகமும் அந்த நிறம்தான்.

கன்னிகாதானத்தில் தாயார் வார்க்கும் நீர்த்தாரை கையில் விழும் கணம் முக்கியம். வினாடியில் 1/250 பங்கு வேகத்துக்குக் கீழே போனால் நீர் மங்கலாகும். அதன் பின் தாலியும் கூறைச் சேலையும் சபையில் தொட்டு வணங்கச் சுற்றி வரும். கூறையை வாங்கிக்கொண்டு பெண் உடுத்தப் போவார். இந்த இடைவேளைதான் உங்களுக்கான நேரம். கால் மணித்தியாலம் முதல் முக்கால் மணித்தியாலம் வரை கிடைக்கும். காட் பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் இப்போது மாற்றுங்கள். பற்றரி எல்லாவற்றையும், பிளாஷ் உட்பட, பாதி மீதமிருந்தாலும் மாற்றுங்கள். லென்ஸைத் துடையுங்கள், ஓமப் புகை அதில் எண்ணெய்ப் படலம் போலப் படிந்திருக்கும். தண்ணீர் குடியுங்கள். இதில் ஒன்றையும் கெட்டிமேளத்துக்குப் பிறகு செய்ய முடியாது.

தாலி கட்டும்போது குருக்கள் கையைத் தூக்கினால் தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகும், சபை எழும்பும், அறுகரிசி பறக்கும், கைத்தொலைபேசிகள் இருபது முன்னுக்கு நீளும். முழுக்க அரை நிமிடம். முதல் கமெரா மணவறையின் முன்பக்கம், 24-70 லென்ஸோடு, கீழே முழங்காலில் அல்லது பக்கவாட்டில். இரண்டாவது கமெரா சபையின் பின்னால் ஸ்டூல் ஒன்றின் மேல் ஏறி 70-200 லென்ஸோடு. முன்னுக்கு நிற்பவரின் படத்தை யாருடைய முதுகாவது மறைத்தால் பின்னுக்கு நிற்பவரின் படம் காப்பாற்றும். தொடக்க அளவாக எப்/4, 1/160 வினாடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 வைத்துக்கொள்ளுங்கள். பிளாஷை முழு வலுவில் வைத்தால் ஒரு படம் அடித்து அடுத்ததற்கு மூன்று நாலு வினாடி காத்திருக்க வேண்டும். கால் வலுவுக்கோ எட்டில் ஒரு பங்குக்கோ குறைத்து ஐஎஸ்ஓவைக் கூட்டினால் தொடர்ச்சியாக அடிக்கும். புகை இருந்தால் நேராக அடிக்கிற பிளாஷ் புகையைத்தான் வெள்ளையாக்கும், ஸ்டாண்டில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். தானியங்கிக் குவியம் புகையில் முன்னும் பின்னும் அலையும்போது ஒற்றைப் புள்ளியைத் தலைப்பாகையின் சரிகைக் கரையில் வையுங்கள்.

இன்னொரு தொல்லை மணவறைச் சோடனையில் வரும் எல்இடி லைற்றுகள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்இடிகள் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் இது மிக மோசம். சாதாரண ஷட்டருக்கு மாறி 1/100இல் எடுங்கள். வீடியோ வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. 30 சட்டகத்தில் எடுத்துவிட்டு வீடு வந்து பார்த்தால் மணவறை முழுக்க மூச்சு விடுவதுபோல மினுங்கிக்கொண்டிருக்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கூறைச் சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கமெராவின் மொத்த வெளிச்ச வரைபடம் சரியாகக் காட்டினாலும் சிவப்பு மட்டும் வெடித்து, சேலையின் சரிகை வேலை தட்டையான சிவப்பு அட்டையாகிவிடும். மூன்று நிற வரைபடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். வெளிச்சத்தை அரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, ரோ கோப்பாக, அதாவது கமெரா திருத்தாத மூலக் கோப்பாக எடுத்துப் பின்னர் முகத்தை உயர்த்துங்கள். முகத்தை உயர்த்துவது என்றால் வெளிச்சத்தை உயர்த்துவது. "பெண்ணை வெள்ளையாக்கித் தாங்கோ" என்று கேட்பார்கள். செய்து கொடுத்தால் கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், பக்கத்தில் நிற்கும் தாய் வேறொரு நிறமாக இருக்கும். நல்ல ஒளியில் எடுத்த கறுப்பு நிறம் எவ்வளவு வடிவு என்பதை அச்சடித்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டி விளங்கப்படுத்துங்கள்.

பால்பழம், ஏழடி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், குடத்துக்குள் மோதிரம் தேடும் கணையாழி எடுத்தல், பொரியிடல், ஆசீர்வாதம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கணையாழியில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். காலையிலிருந்து கிடைக்கும் முதல் உண்மையான சிரிப்பு பெரும்பாலும் அதுதான், குடத்தைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள்.

கோயிலில் கலியாணம் என்றால் கோயில் நிருவாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். உள்ளே படம் எடுக்க விடாத கோயில்களும் உண்டு. ஆண்கள் மேற்சட்டை கழற்றும் கோயிலில் கமெராப் பட்டி வெறும் தோளில் அறுக்கும், அகலமான துணிப் பட்டி கொண்டு போங்கள். எங்கேயானாலும் கறுப்புச் சட்டை வேண்டாம். தேவாலயம் என்றால் பூசைக்கு முன் பாதரிடமோ போதகரிடமோ பிளாஷ் போடலாமா என்று கேட்பது கட்டாயம்.

குடும்பப் படங்கள்

கலியாணத்துக்குப் பிறகு வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி தாலி கட்டுப் படத்தைப் பற்றியதல்ல, "எங்கட பெரியப்பா ஆக்களின்ர படம் ஒண்டும் இல்லையே" என்பதுதான். ஒரு கிழமைக்கு முன்பே இரு வீட்டாரிடமும் பட்டியல் வாங்குங்கள். ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் வையுங்கள், 25 குழு என்றால் 75 நிமிடம். இந்தக் கணக்கைக் காட்டினால் பட்டியலை அவர்களாகவே குறைப்பார்கள். இரு வீட்டிலும் எல்லோரையும் முகம் தெரிந்த, சத்தமாகக் கூப்பிடக்கூடிய ஒரு அண்ணையையோ அக்காவையோ பொறுப்புக்கு நிறுத்துங்கள். படப்பிடிப்பாளர் மைக்கில் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

முதலில் வயசானவர்களும் கைக்குழந்தைக்காரரும், இளந்தாரிகள் கடைசியில். இரண்டு வரிசை நின்றால் எப்/5.6க்குக் குறையாமல், ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது நாலு படம், யாரோ ஒருவர் கண் மூடியிருப்பார். கணவரை இழந்த அம்மம்மா, அப்பம்மா பலர் மேடைக்கு வராமல் பின் கதிரையிலேயே இருந்துவிடுவார்கள், ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஆசீர்வாதம் முடிந்த பிறகு மணமக்களை அவர் இருக்கும் கதிரைக்கே கூட்டிப்போய் எடுத்துவிடுங்கள். பந்தியில் சாப்பிடுகிறவர்களின் வாயைப் படமெடுக்காதீர்கள்.

வெளிப்புறப் படங்களுக்குப் பண்ணைப் பாலம், கசூரினா கடற்கரை, மணற்காட்டு மணல்மேடு என்று போவார்கள். சூரியன் இங்கே ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆவணிக் கலியாணத்தில் மதியம் 12 மணிக்கு வெளியில் எடுத்தால் கண்குழியில் கறுப்பு நிழல்தான். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு போங்கள். கோட்டை போன்ற தொல்பொருள் இடங்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்னரே அனுமதி கேளுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது, வலிகாமம் வடக்கில் இராணுவ முகாம்களும் உள்ளன. அந்தப் பக்கத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் போவது ட்ரோன் மட்டுமல்ல.

நேரலை

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் சபையின் பாதி ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறது. கோடைகாலத்தில் இங்கே காலை 9 மணி என்றால் லண்டனில் அதிகாலை 4.30, ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 11.30. இணைப்பை அனுப்பும்போது மூன்று நேரத்தையும் எழுதுங்கள்.

720 படத்தரத்தில் நேரலை போக ஏற்றும் வேகம் வினாடிக்கு 3 முதல் 4 மெகாபிட் நிலையாக வேண்டும். 4 மெகாபிட்டில் மூன்று மணித்தியாலம் ஓட 5.4 ஜிபி போகும். மண்டபத்துக்கு ஒரு நாள் முன் போய், அதே நேரத்தில், மணவறை நிற்கும் அதே இடத்தில் வேகத்தை அளந்து பாருங்கள். வேறு வேறு நிறுவனத்தின் சிம் இரண்டு வேண்டும். சபை நிறைந்து எல்லோரும் முகப்புத்தகத்தில் ஏற்றத் தொடங்கினால் தொலைபேசிக் கோபுரம் திணறும், அந்த நேரம்தான் தாலி கட்டும் நேரம். யூடியூப்பில் புதிய சனல் என்றால் முதல் நேரலையைத் திறக்க 24 மணித்தியாலம் வரை எடுக்கும், காலையில் மண்டபத்தில் நின்று திறக்க முடியாது. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போனால் உரிமைப் பிரச்சினையில் சத்தம் அடைக்கப்படலாம், பாட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இணைப்பைப் பொதுவில் விடாமல், தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும் வகையில் வையுங்கள்.

மரணச்சடங்கு நேரலைக்கும் கேட்பார்கள். அது தனி வேலை. சுண்ணம் இடிப்பது, பந்தம் பிடிப்பது, வாய்க்கரிசி, கடைசிப் பார்வை: வெளிநாட்டுப் பிள்ளை பார்க்கத் தவிப்பது இவற்றைத்தான். கமெராவை ஒரு இடத்தில் நிறுத்தி, கிட்டப் போகாமல், யாருடைய அழுகையையும் பெரிதாக்கிக் காட்டாமல் எடுங்கள். பல சுடலைகளில் சிக்னல் பலவீனம். அதை முதலே வீட்டாருக்குச் சொல்லி, அந்தப் பகுதியைப் பதிந்து பின்னர் அனுப்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பூப்படைந்த பிள்ளைக்குச் செய்யும் சாமத்தியச் சடங்கில் நடுவில் இருப்பது ஒரு சிறு பிள்ளை. நீராட்டும் இடத்துக்குப் பெண் உதவியாளர் மட்டும், அல்லது கமெராவே வேண்டாம். மணப்பெண் மாதிரி வளைந்து நெளிந்து நிற்கச் சொல்லும் பாணி இப்போது பெருகியிருக்கிறது. அதை மறுக்கப் படப்பிடிப்பாளருக்கு உரிமை உண்டு. விளம்பரத்துக்கு அந்தப் படங்களைப் போடாமல் இருப்பது நல்லது.

கோப்புகள்

24 மெகாபிக்சல் கமெராவில் ஒரு ரோ கோப்பு 25 முதல் 30 எம்பி. 2,500 படம் என்றால் 70 ஜிபி அளவு. 4கே வீடியோ 100 மெகாபிட் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. மண்டபத்தை விட்டு வெளிக்கிட முன் ஒரு பிரதி மடிக்கணினிக்கு, வீட்டுக்கு வந்ததும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குக்கு. அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒரு மின்னல், ஒரு களவு இரண்டையும் சேர்த்துக் கொண்டு போகக் கூடாது. மூன்று பிரதியும் திறந்து பார்த்துச் சரியென்று தெரிந்த பிறகுதான் காட்டை அழிக்க வேண்டும், அதுவும் கமெராவிலேயே போர்மட் செய்து.

"எல்லாப் படத்தையும் இணையத்தில் அனுப்புங்கோ" என்று கனடாவிலிருந்து கேட்டால் கணக்குச் சொல்லுங்கள்: 60 ஜிபியை 10 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் அனுப்ப 13 மணித்தியாலத்துக்கு மேல். திருத்திய ஜேபெக் மட்டும் இணையத்தில், மிச்சம் பென் டிரைவில் என்று பேசுங்கள்.

2,500 படத்தில் 600 முதல் 800ஐத் தெரிவு செய்வது போதும். ஐம்பது படத்தை மூன்று நாளுக்குள் அனுப்பிவிட்டால் அல்பம் பற்றிய அவசரத் தொலைபேசிகள் பாதியாகக் குறையும். ஆனால் கலியாணம் முடிந்த இரவே நகைகளோடு படத்தைப் பொதுவில் போட்டு, ஊர்ப் பெயரையும் எழுதுவது ஆபத்து. தாலிக்கொடியும் சோடி காப்பும் அந்த வீட்டில்தான் இருக்கின்றன என்று ஊருக்கே அறிவிப்பதாகும். நகைகள் வங்கிக்குப் போன பிறகு, கேட்டு அனுமதி வாங்கிப் போடுங்கள்.

அல்பம் 12க்கு 36 அங்குல விரிப்பு என்றால் 300 புள்ளி அடர்த்தியில் 10,800க்கு 3,600 பிக்சல். நடு மடிப்பில் முகம் வரக்கூடாது. ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீற்றர் விடுங்கள். நிறத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில் அனுப்புங்கள். திரையின் வெளிச்சம் கூடிய கணினியில் திருத்தினால் அச்சில் எல்லாம் இருண்டு வரும், அச்சகத்தின் பிழையல்ல. முழு அல்பம் அடிக்குமுன் ஒரு பக்கத்தை அடித்துப் பகலில் பாருங்கள். மணமக்கள் எப்போது பறக்கிறார்கள் என்ற தேதியைப் பதிவின்போதே கேளுங்கள். பெட்டியோடு அல்பம் சில கிலோ நிறை. பயணப் பொதியில் இடம் இல்லையென்று கடைசி நாளில் விட்டுப் போனால் தபால் செலவு யாருடையது என்ற வழக்கு தொடங்கும்.

கடதாசியில் எழுதுவது

இங்கே பேசுவது பெண்ணின் தாய், காசு அனுப்புவது கனடாவில் அண்ணன், அல்பத்தில் குறை கண்டுபிடிப்பது மாப்பிள்ளையின் அக்கா. தீர்மானம் சொல்லும் ஒருவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி, அவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு படப்பிடிப்பாளரை வைத்திருந்தால் அவரோடு முதல் நாளே கதைத்து, யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்க ஒப்பந்தத்தில் இவை கட்டாயம்: தேதி, தொடக்க நேரமும் முடிவு நேரமும், எத்தனை இடம், எத்தனை பேர் வருவோம், மேலதிக ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, அல்பத்தின் அளவும் பக்கமும், எத்தனை தடவை திருத்தம், எப்போது கையளிப்பது, ரோ கோப்பு கொடுப்பதா இல்லையா, கலியாணம் தள்ளிப்போனால் முற்பணம் என்னாகும், படப்பிடிப்பாளருக்கு நோய் வந்தால் யார் வருவார், விளம்பரத்துக்குப் படம் பாவிக்கலாமா, கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்போம். படங்களின் உரிமை யாருக்கு என்பதையும் எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறதுதான், ஆனாலும் சண்டை வரும்போது கையில் இருக்கும் கடதாசிதான் முதலில் பேசும்.

காசை மூன்றாகப் பிரியுங்கள்: பதியும்போது மூன்றில் ஒரு பங்கு, கலியாணத்துக்கு முதல் நாள் இன்னொன்று, அல்பம் கையில் கொடுக்கும்போது மிச்சம். கலியாண நாளில் காசு கேட்காதீர்கள், அன்று அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் நிற்காது. ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு. உறவுக்காரர் என்று விலை குறைத்தால், முழு விலையை எழுதி அதன் கீழ் கழிவைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் சொல்லி வரும் அடுத்த நாலு பேரும் அந்த விலையையே கேட்பார்கள்.

வியாபாரப் பெயர் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் கேட்பார்கள். அதை வைத்துத்தான் வங்கியில் தொழிலின் பெயரில் கணக்குத் திறக்கலாம், வெளிநாட்டுக் காசும் குழப்பமில்லாமல் வரும். கடை போட்டால் மாநகரசபை அல்லது பிரதேச சபையின் அனுமதியும் சேரும்.

கோப்புகளை ஆறு மாதம் வைத்திருப்பதாக எழுதியிருந்தால், ஐந்தாம் மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தொலைபேசி எடுங்கள். பென் டிரைவ் துலைந்துவிட்டது, அம்மம்மா போன மாதம் காலமாகிவிட்டார், அவரின் தனிப் படம் ஒன்று கல்வெட்டுக்கு (நினைவு மலருக்கு) வேண்டும் என்று அப்போது சொல்வார்கள். அதைத் தேடிக் கொடுத்த பிறகு அழியுங்கள்.